உம்ரா சீட்டு போடும் இருபது பேருக்கும் ஒரு மடல்

அன்புள்ள மாமிமார்களுக்கும் மைனிமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும்,



நம் சீட்டின் மூன்றாவது சுற்று வருகிற மாதம் முடிகிறது. நாலாவது சுற்றை எப்போது தொடங்கப் போகிறாய் என்று பீடிக்கடை வாசலில் கேட்கிறீர்கள், கல்யாண வீட்டில் கேட்கிறீர்கள், மையத்து வீட்டில்கூட ஒரு மாமி காதோரமாகக் கேட்டுவிட்டார். தொடங்கலாம். அதற்கு முன் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். தனித்தனியாகச் சொன்னால், ‘என்னை மட்டும் குத்திக்காட்டினாள்’ என்று மனத்தாங்கல் வரும். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாதவர்களுக்குப் பேத்திமார் வாசித்துக் காட்டட்டும்.

நம் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். இருபது பேர், மாதம் 1,500 ரூபாய், குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கு 30,000. ஏலம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. வட்டி வாடை அடிக்கக்கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். ஒரு சுற்றுக்கு இருபது மாதம். மூன்று சுற்று முடிந்தால் ஐந்து வருஷம், ஆளுக்கு 90,000. நாளைக்கு ஐம்பது ரூபாய். இலை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, கட்டுக் கட்டிக் கொண்டுபோய்ப் போட்டு, கழித்துத் தள்ளியது போக மிஞ்சும் கூலியிலிருந்து எடுத்து வைத்த ஐம்பது ரூபாய். சீட்டுக் கணக்கு நோட்டை எழுதுகிற எனக்கு, ஒவ்வொரு 1,500-ம் எந்த வீட்டில் எதை நிறுத்திவிட்டு வந்தது என்பது ஓரளவு தெரியும்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ‘இவளும்தானே செய்தாள்’ என்று நீங்கள் சொல்வதற்கு நானே இடம் கொடுத்தவளாவேன்.

2019-இல் நான் உம்ரா போனேன். கூட்டிப் போகிற குழுவுக்குக் கட்டியது 58,000 ரூபாய். அதை ஏழு வருஷம் சேர்த்தேன். போவதற்கு முந்தின வாரம் வீட்டில் விருந்து வைத்தேன். நெய்ச்சோறு, கறி, தால்ச்சா, எல்லாம் சேர்த்து 22,000 ஆயிற்று. திரும்பி வந்து பேரீச்சம்பழம், தொழுகை விரிப்பு, தஸ்பீஹ் மணி, அத்தர் என்று பங்கு வைத்தது 14,000. ஆக 36,000 ரூபாய். பயணத்துக்குக் கொடுத்ததில் பாதிக்கும் மேல். அந்த 36,000 என்னிடம் இல்லை. இரண்டு வளையலை அடகு வைத்தேன். பதினோரு மாதம் வட்டி கட்டினேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வட்டி ஹராம் என்று வங்கியில் போடாமல் ஏழு வருஷம் டப்பாவிலும் சீட்டிலுமாகச் சேர்த்தவள், அல்லாஹ்வின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த கையோடு அடகுக்கடை வாசலில் நின்று வட்டி கட்டினேன். யாரும் என்னை விருந்து வை என்று கழுத்தைப் பிடிக்கவில்லை. வைக்காவிட்டால் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான். அப்படிப் பயந்துகொண்டு வாங்கி வந்த விரிப்புகளில் பாதி எங்கே செய்தது என்று பின்பக்கத் துணுக்கைத் திருப்பிப் பார்த்தேன். சீனா. இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. தஸ்பீஹ் மணி போதாமல், மிச்சத்தை இங்கே நம் பஜாரில்தான் வாங்கிச் சேர்த்தேன். மக்கத்து மணி என்று அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள்.

இதுதான் நான் சொல்ல வந்தது. குறைக்க வேண்டிய இடத்தில் நாம் கூட்டுகிறோம், கூட்ட வேண்டிய இடத்தில் குறைக்கிறோம். விருந்துக்கு 22,000 செலவழித்த நான், தங்கும் இடத்தில் நாலாயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். கூடவே வந்த என் நாத்தனாருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தும்தான். நோட்டீஸில் ‘ஹரமுக்கு அருகில்’ என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் மிஸ்ஃபலா பக்கம் ஒரு மேட்டில் கட்டடம். மக்கா மலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர். அங்கே ஒரு கிலோமீட்டர் என்பது நம் பஜார் தெருவில் நடக்கிற கிலோமீட்டர் இல்லை. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். நாத்தனார் பதினைந்து நாளில் பாதித் தொழுகையை அறையிலேயே தொழுதார். இங்கிருந்து அவ்வளவு தூரம் போய், ஹரமின் பாங்கை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாலாயிரம் ரூபாய்!

ஆகவே குழுக்காரரிடம் பேசும்போது ‘பக்கம்தானே’ என்று கேட்காதீர்கள். எத்தனை மீட்டர், மேடா சமதரையா, லிஃப்ட் உண்டா, ஓர் அறைக்கு எத்தனை பேர், மூன்று வேளையும் சாப்பாடா, விமானம் நேரே போகிறதா, நடுவில் எங்கேயாவது இறக்கி எட்டு மணி நேரம் உட்கார வைக்கிறதா என்று கேளுங்கள். சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள், பணத்துக்கு ரசீது வாங்குங்கள். மூன்று வருஷத்துக்கு முன் நம் தெருவில் ஏழு பேர், எல்லோரும் சொல்கிற விலையைவிட இருபதாயிரம் குறைவு என்று ஒருவரிடம் முன்பணம் கட்டினார்கள். ‘அடுத்த மாதம், அடுத்த மாதம்’ என்று ஒரு வருஷம் ஓட்டினார். நாலு பேருக்குப் பணம் திரும்பியது, அதுவும் தவணை தவணையாக. மற்ற மூன்று பேர் இன்னும் அவர் பெயரைச் சொன்னாலே துஆவுக்கு ஏந்துகிற கையைக் கீழே போட்டுவிடுகிறார்கள். விலை எல்லோரையும்விட ரொம்பக் குறைவாக இருந்தால் அந்த மிச்சம் எங்கிருந்தோ எடுக்கப்படுகிறது. நம் முழங்காலிலிருந்து, இல்லையென்றால் நமக்கு அடுத்துக் கட்டப் போகிறவளின் பணத்திலிருந்து.

விலை ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று போன குலுக்கலில் தையல்காரர் வீட்டு மைனி கேட்டார். நான் 58,000-க்குப் போனதை இப்போது தொண்ணூறு, ஒரு லட்சம் என்கிறார்கள். ரமலான் மாதம் என்றால் அதற்கும் மேலே. குழுக்காரர்கள் எல்லோரும் கொள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. சவூதியில் 2020 ஜூலையில் விற்பனை வரியை 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக ஏற்றினார்கள். அது ஒன்று. இன்னொன்று ரியால். ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று பல வருஷமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். டாலருக்கு எதிரே நம் ரூபாய் இறங்கினால் ரியாலுக்கு எதிரேயும் இறங்கிவிடும். நான் போனபோது ரியால் பத்தொன்பது ரூபாய் சுமார். இப்போது இருபத்து மூன்றைத் தாண்டிவிட்டது. அங்கே ஹோட்டல்காரன் விலையை ஏற்றாவிட்டாலும் நமக்கு ஏறிவிடும். அங்கே இரண்டு ரியாலுக்கு ஒரு டீ குடித்தால் இன்றைய கணக்கில் அது ஐம்பதைத் தொடும். ஒரு நாள் சீட்டுப் பணம்! முதல் இரண்டு நாள் ஒவ்வொன்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து நெஞ்சு அடைக்கும். பிறகு ஜம்ஜம் இருக்கிறதே, காசில்லாமல், எவ்வளவு வேண்டுமானாலும்.

இதனால் சீட்டுப் பணத்தை வைத்திருக்கும் விதத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. முதல் குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கு 30,000 கைக்கு வந்துவிடும். மீதிப் பணம் சேர இன்னும் மூன்று, நாலு வருஷம். அந்தப் பணம் அலமாரியில் தூங்கினால் தேய்கிறது. அதுவும் தூங்குவதில்லை. பேரன் பள்ளிக்கூடத்துக்கு, மருமகன் வண்டிக்கு என்று எழுந்து போய்விடும். 2021-இல் பணம் எடுத்த இரண்டு பேர் அன்றைக்கே தங்கக் காசு வாங்கிப் போட்டார்கள். அப்போது கிராம் ஐயாயிரத்துக்குள் இருந்தது. இன்றைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். அவர்கள் இரண்டு பேருக்கும் மூன்றாவது சுற்று முடியும் முன்பே உம்ராவுக்கான பணம் நிறைந்துவிட்டது. தங்கமும் இறங்கும் காலம் உண்டு, அதனால் எல்லோரும் இப்படியே செய்யுங்கள் என்று சத்தியம் செய்து சொல்ல மாட்டேன். வாங்கினால் காசாக வாங்குங்கள். வளையலாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் போகும், பிறகு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போவீர்கள், விற்க மனம் வராது. நிஸாப் என்ற அளவைத் தாண்டிய சொத்து ஒரு வருஷம் இருந்தால் இரண்டரை சதவீதம் ஜகாத் உண்டு. ஹஜ்ஜுக்காக வைத்திருக்கிறேன் என்பதால் விலக்குக் கிடையாது. போட்டுக்கொள்ளும் நகைக்கு உண்டா இல்லையா என்பதில் மத்ஹபுக்கு மத்ஹப் பேச்சு வேறு. அதை ஹஸ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், என்னிடம் வேண்டாம்.

இன்னும் ஒரு பணம் இருக்கிறது, நாம் மறந்துவிடுகிற பணம். கம்பெனி பி.எஃப். பீடித் தொழிலுக்கு 1977-இலிருந்து வருங்கால வைப்பு நிதி உண்டு. வாரக் கூலியில் பிடிக்கிறார்களே அதுதான். பல பேர் அதை மகள் கல்யாணத்துக்கு என்று மனதுக்குள் எழுதி வைத்திருக்கிறீர்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் எடுக்கப் போகும்போது பெயர்தான் தடுக்கிறது. கம்பெனியில் சேர்ந்தபோது பதினாறு வயதுப் பெண்ணின் பெயரைக் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதினார். ரேஷன் கார்டில் ‘பீவி’ என்று இருக்கும், ஆதாரில் ‘பீபி’ என்று இருக்கும், கம்பெனி அட்டையில் இரண்டும் இருக்காது. பிறந்த வருஷம் மூன்றிலும் மூன்று. இதே தகராறுதான் பாஸ்போர்ட்டிலும் வரும். பத்து வருஷப் பாஸ்போர்ட்டுக்கு அரசாங்கக் கட்டணம் 1,500 ரூபாய்தான், நம் ஒரு மாதச் சீட்டு. பெயர் ஒத்துவராமல் அலைகிற அலைச்சலும் அதற்குப் போட்ட நாள்கூலியும்தான் அதைப் பல மடங்காக்குகிறது. பணம் சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

இனி ஹஜ்.

‘உம்ரா போய்விட்டால் போதும், ஹஜ் நம்மால் ஆகுமா’ என்று பல பேர் சொல்கிறீர்கள். ஆகும், ஆகாது என்று நான் சொல்லப் போவதில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். ஹஜ் கமிட்டி வழியாகப் போனாலே இப்போது ஆளுக்கு மூன்றரை லட்சம் வாக்கில் ஆகிறது. நாற்பது நாள் சுமார். நம் ஐம்பது ரூபாய்க் கணக்கில் அது பத்தொன்பது வருஷம், விலை இப்படியே நின்றால். நிற்காது. டீக்கடையில் இன்னும் சிலர் ‘உங்களுக்கென்ன, அரசாங்கக் காசில் ஹஜ்’ என்பார்கள். ஒன்றிய அரசின் மானியத்தை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2012-இலேயே சொல்லி, 2018-இல் அது நின்றுவிட்டது. அது இருந்த காலத்திலும் நம் கைக்கு வந்ததில்லை, விமானக் கட்டணம் என்று விமானக் கம்பெனிக்குத்தான் போனது. தமிழ்நாடு அரசு சமீப வருஷங்களில் கமிட்டி வழியாகப் போகிறவர்களுக்கு 25,000 ரூபாய் கொடுக்கிறது. அது உண்மையிலேயே கைக்கு வருகிற உதவி. குலுக்கலில் பெயர் வந்தவர்கள் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

கமிட்டியில் பணத்தைத் தவணையாகக் கட்டலாம் என்பதும், அங்கே எடுத்த எடுப்பில் ஏமாற்ற ஆளில்லை என்பதும் எனக்குப் பெரிய ஆறுதல். நம்மில் நாலைந்து பேர் கணவரை இழந்தவர்கள். கூட்டிப் போக மஹ்ரம் யாரும் இல்லை என்று ஆசையை மூட்டை கட்டி வைத்திருக்கிறீர்கள். 2018-இலிருந்து, நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் நாலு பேராகச் சேர்ந்தால் மஹ்ரம் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். ஷாஃபி மத்ஹபில் நம்பிக்கையான பெண்கள் கூட்டத்தோடு கடமையான ஹஜ்ஜுக்குப் போக இடம் உண்டு. ஹனஃபிக்காரர்களுக்கு அப்படி இல்லை. உங்கள் வீட்டு வழக்கம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கண்டித்துச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றைத்தான். இரண்டரை லட்சம் வரை சேர்த்துவிட்ட ஒரு மாமி, பக்கத்து வீட்டில் எல்லோரும் உம்ரா போகிறார்கள் என்று அதை உடைத்துப் போகப் பார்க்கிறார். யார் என்று அவருக்கே தெரியும். உம்ரா போய்வந்தால் ஹஜ் கழிந்ததாகாது. கரை தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு திரும்பி நீந்தாதீர்கள். மற்றபடி, எத்தனை வருஷம் சீட்டுப் போட்டாலும் மூன்றரை லட்சத்தை எட்ட முடியாது என்று தெரிந்தவர்கள், கண்ணை மூடும் முன் கஅபாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று உம்ரா போனால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஹஜ்ஜே கடமையாகாதவர்களை, ‘கடமையை விட்டுவிட்டு சுன்னத்துக்கு ஓடுகிறார்கள்’ என்று இளக்காரம் பேசுகிற ஆண்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இஸ்திதாஅத் என்று ஒன்று வைத்திருக்கிறானே அல்லாஹ், அது சும்மாவா? போகவர வழி, நாம் இல்லாத நாளில் வீட்டில் இருப்பவர்கள் சாப்பிட வழி, கடன் தீர்ந்த நிலை, இதெல்லாம் இருந்தால்தான் கடமை. கடன் வாங்கிப் போ என்று அவன் கேட்கவே இல்லை.

குறுக்கு வழி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விசிட் விசாவில் போய் அங்கேயே தங்கி ஹஜ்ஜை முடித்துவிடலாம், பாதிப் பணம் போதும் என்று. காதிலேயே வாங்காதீர்கள். 2024 ஜூன் ஹஜ்ஜில் ஹரமில் வெயில் 51.8 டிகிரி. 1,301 பேர் இறந்தார்கள். அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் வந்தவர்கள் என்று சவூதி அரசே சொன்னது. பதிவு செய்தவர்களுக்குக் குளிர்சாதனக் கூடாரம், பஸ் எல்லாம் உண்டு. அனுமதி இல்லாதவர் அதற்குள் நுழைய முடியாது, தலையில் வெயிலோடு மைல் கணக்கில் நடக்க வேண்டும். நிறையப் பேர் எகிப்துக்காரர்கள். அப்படி அனுப்பிவைத்த 16 கம்பெனிகளின் உரிமத்தை அந்த நாட்டு அரசு பறித்தது. இறந்தவர்களும் நம்மைப் போலச் சீட்டோ எதுவோ போட்டுச் சேர்த்துப் போனவர்களாகத்தான் இருப்பார்கள் என்று அன்றைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகு இரண்டு நாள் இந்த நோட்டைத் திறக்கவே கை வரவில்லை.

என் பாட்டனார் காலத்தில் தறியை விற்றுத்தான் ஹஜ். ரயிலில் பம்பாய் போய், முசாஃபிர்கானாவில் கப்பலுக்குக் காத்துக் கிடந்து, போய்த் திரும்ப மாதக்கணக்கு. கப்பல் போக்குவரத்து 1995-இல் நின்றுவிட்டது. தறியை விற்றவர் ஹாஜியாராகத் திரும்பி வந்தார். நெய்ய ஒன்றும் இல்லை. பாட்டி பீடித் தட்டை எடுத்தது அப்போதுதான் என்று உம்மா சொல்வாள். மலேசியாவிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. கிராமத்து ஜனங்கள் நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டு ஹஜ் போய், திரும்பி வந்து கஷ்டப்படுவதைப் பார்த்த உங்கு அஜீஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர், வட்டியில்லாத ஒரு சேமிப்பு முறைக்கு 1959-இல் திட்டம் எழுதிக் கொடுத்தார். 1963-இல் தொடங்கியபோது ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் சேர்ந்தார்களாம். இன்றைக்கு தாபுங் ஹாஜி என்றால் அந்த நாட்டில் அறியாதவர் கிடையாது. குழந்தை பிறந்தால் அதன் பெயரில் கணக்கு தொடங்குகிறார்கள். நம் ஜமாஅத்தில் இருக்கிற பெரிய மனிதர்கள் யாராவது இதை வாசித்தால், பள்ளிவாசலுக்கு இன்னொரு மினாரா கட்டுவதற்கு முன் இதைப் பற்றியும் ஒரு கூட்டம் போடலாம். அவர்கள் போடும் வரை இருபது பேர் சீட்டும் என் நாற்பது பக்க நோட்டும்தான்.

நாலாவது சுற்றுக்கு இரண்டு நிபந்தனை வைக்கிறேன். விருந்துக்கு என்று யாரும் என்னிடம் முன்பணம் கேட்கக் கூடாது. போய்விட்டு வருகிறவர்கள் இந்த இருபது வீட்டுக்கும் ஒரு குப்பி ஜம்ஜமும் மூன்று பேரீச்சம்பழமும் தவிர வேறு எதுவும் தரக் கூடாது, நாமும் எதிர்பார்க்கக் கூடாது. ஜம்ஜம் ஐந்து லிட்டர்தான் வரும், குப்பியைச் சின்னதாகவே வாங்குவோம். மணியும் விரிப்பும் கொடுத்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன். நானே இதில் முதல் குற்றவாளி என்பதால் சொல்கிற உரிமை கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

அடுத்த மாதம் கிளம்புகிற நாலு பேருக்கும் ஒரு சின்னச் செய்தி. மசாலாப் பொடி திரித்துக் கொண்டு போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் கசகசா சேர்க்காதீர்கள். சவூதியில் அது தடை செய்த பொருள், குருமா ஆசைக்கு ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ள வேண்டாம். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட சீட்டைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எல்லோரும் என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் ஆதார், ரேஷன் கார்டு, கம்பெனி அட்டை மூன்றையும் கொண்டு வாருங்கள். என் பேத்தி பெயரை ஒத்துப் பார்த்து எழுதித் தருவாள். சுளவையும் தூக்கிக்கொண்டு வந்தால் பேசிக்கொண்டே சுற்றலாம், ஒரு வேளைக் கூலி போகாது. டீ என் பொறுப்பு.

வஸ்ஸலாம்,
உங்கள் சீட்டுக்காரி
மேலப்பாளையம்